பிரேக் மாஸ்டரின் அக்கா

விமான நிலைய வாசலில் அக்கா காரோடு நிற்பாள் என்று நினைத்து வந்தேன். அவள் ரெண்டு பஸ் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கார் எங்கக்கா?"

"வீட்ல இருக்கு. மொதல்ல மூஞ்சியக் கழுவு. எண்ணெய் வழியுது."

என் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒரு வசவு பதிலாக வரும். ஆறு வயது மூத்தவள். ஊரில் எனக்குச் சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது, பதினைந்து வருடமாக நடத்துகிறேன், என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். அவளுக்கு மட்டும் நான் மூஞ்சி கழுவத் தெரியாத பயல்.

வெள்ளிக்கிழமை காலை வந்து ஞாயிறு மதியம் திரும்புகிற பயணம். "சும்மா வந்துட்டுப் போடா. பத்து வருஷமாச்சு, என் வீட்ல நீ ஒரு வாய் சாப்பிட்டதில்ல" என்று போனில் சொல்லியிருந்தாள். கூடவே, "இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்துட்டு வா" என்றும் சொன்னாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சும்மா வருகிறவனுக்கு எதற்கு லைசென்ஸ்?

வீடு மூன்றாவது மாடி. ரெண்டு அறை, ஒரு சமையலறை. உள்ளே போனதும் ஊரிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் பொடிப்பொடி.

"இது என்ன, கால்ல போட்டு மிதிச்சியா?"

"ஆமா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். டிரைவிங் ஸ்கூல் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பதினைந்து வருடமாக அதை மிதித்து மிதித்து, எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் என் வலது கால் தானாக அழுத்தும். பஸ்ஸில் அழுத்தும், ஆட்டோவில் அழுத்தும். விமானம் தரையில் இறங்கியபோது காலடியில் இருந்த என் பையையே அழுத்திவிட்டது. மாணவர்கள் என்னை 'பிரேக் மாஸ்டர்' என்பார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். இத்தனை வருடத்தில் என் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அக்கா தண்ணீர் எடுக்கப் போனபோது ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். கதவு முழுக்கத் துண்டுச் சீட்டுகள். 'சாப்பாடு கீழ்த்தட்டில்.' 'பால் தீர்ந்துவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்?' அதற்குக் கீழே அக்காவின் கையெழுத்தில், 'பால் வாங்கியாச்சு. நல்லா இருக்கேன்.'

"இது என்னக்கா?"

"உங்க மாமாவும் நானும் குடும்பம் நடத்துற லட்சணம்."

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலு வருடமாக நைட் டியூட்டி. மாமா அச்சகத்தில் காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை மெஷின் ஓட்டுகிறார். அவள் வரும்போது அவர் போயிருப்பார், அவர் வரும்போது அவள் கிளம்பியிருப்பாள். என்றைக்காவது மாடிப்படியில் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் உண்டு.

இப்போது அதற்கு ஒரு விடிவு வந்திருக்கிறதாம். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கிற வேலை. பகல் வேலை. ஆஸ்பத்திரியில் அக்காவைத்தான் முதலில் கேட்டிருக்கிறார்கள். ஆனால் தானே கார் ஓட்டிக்கொண்டு போகவேண்டும். திங்கட்கிழமை லைசென்ஸைக் காட்டினால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்த ஆளுக்கு.

"அதான் நீ கார் ஓட்டுறியே" என்றேன். போனில் கேட்கும்போதெல்லாம் 'காருக்கென்ன குறைச்சல்' என்பாள்.

அக்கா அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து என் மடியில் போட்டாள். ஊர் லைசென்ஸ் அங்கே செல்லாதாம். மூன்று தேர்வு, மூன்றிலும் தோல்வி. நாலாவது தேர்வு நாளைக் காலை பத்து மணிக்கு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் பள்ளியில் படித்தவர்களில் ஆயிரத்துச் சொச்சம் பேர் பாஸ். நானே சொல்லிக்கொடுத்த என் சொந்த அக்கா ஃபெயில். அங்கே கார் ஓடுவதும் நம் ஊரில் ஓடுகிற அதே பக்கம்தான், அந்தச் சாக்குகூட இல்லை.

"என் பேரை இப்படிக் கெடுத்து வச்சிருக்கியே."

"உன் பேரு கெட்டுப்போற அளவுக்கு எப்போ நல்லா இருந்துச்சு? நான் ஒழுங்காத்தான் ஓட்டுறேன். வந்து உக்காருறவங்க சரியில்ல. பேசவே மாட்டாங்க. மடியில ஒரு அட்டைய வச்சுக்கிட்டு செலையாட்டம் உக்காந்திருப்பாங்க. மூணு தடவையும் மூணு பேரு, மூணு பேரும் ஒரே அச்சு."

"மாமாகூட ஓட்டிப் பாத்தியா?"

"அவருகூட ஓட்டினா தப்பே வராது. என்ன, 'நிறுத்து, நிறுத்து'ன்னு கத்திக்கிட்டே வருவாரு. வாயாலயே பிரேக் போடுற மனுஷன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு காகிதங்களைப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே வரியில்தான் குறி விழுந்திருந்தது. அதை அவளே படித்துச் சொன்னாள்: 'தேர்வாளர் தன் பிரேக்கைப் பயன்படுத்த நேர்ந்தது.' தேர்வு வண்டியில், பக்கத்தில் உட்கார்ந்து சோதிக்கிற தேர்வாளர் காலடியிலும் பிரேக் இருக்கும். அவர் கால் வைத்தால் கதை முடிந்தது.

"கெளம்பு" என்றேன். பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருந்தால் பழகுகிறவர் ஓட்டலாம் என்பது அங்கே விதி. அதற்குத்தான் என்னை டிக்கெட் அனுப்பி வரவழைத்திருக்கிறாள்.

மாமாவின் காரில் ஏறினோம். குறை சொல்ல ஆயிரம் சொற்களை நாக்கு நுனியில் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலையில்லை. சந்திப்பு வந்தால் நின்றாள். சிவப்பு விழுந்தால் கோட்டுக்குப் பின்னால் நின்றாள். பள்ளிக்கூட வாசலில் மெதுவாகப் போனாள். முக்கால் மணி நேரத்தில் ஒரு பிசகு இல்லை. என் கால்தான் வழக்கம்போல, காருக்குள் விரித்திருந்த வெறும் மிதியடியை மிதித்துக்கொண்டு வந்தது.

"அவங்க மூணு பேருக்கும் கண்ணு தெரியலக்கா" என்றேன்.

"நான் சொன்னா நீ எங்க நம்பின?"

அந்தச் சந்தோஷத்தில் ஒரு பெரிய கடை முன்னால் காரை நிறுத்தினாள். தள்ளுபடி என்ற எழுத்தைக் கண்டால் அக்காவுக்குக் கால் நகராது. வெளியே வரும்போது பின் சீட்டு, டிக்கி எல்லாம் நிரம்பிவிட்டது. கடைசியாக ஒரு பெட்டி மிஞ்சியது. உள்ளே நாற்பத்தெட்டு சுருள் டிஷ்யூ பேப்பர்.

"இத்தனை எதுக்குக்கா? கடை திறக்கவா?"

"மடியில வச்சுக்க. வாய் பேசாத."

பெட்டி என் மடியில் உட்கார்ந்தது. முழங்காலிலிருந்து மோவாய் வரை அட்டைதான். அதற்கு மேல் என் தலை மட்டும் தெரிந்தது.

முதல் சந்திப்பு வந்தது. விளக்கு மஞ்சளாகி, சிவப்பானது. அக்கா போய்க்கொண்டே இருந்தாள். பெட்டிக்கு அடியில் என் கால் மிதியடியை மிதிமிதியென்று மிதித்தது. கார் நிற்கவில்லை. எட்டி ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். குலுங்கிக்கொண்டு, கோட்டைத் தாண்டி ஒரு முழம் போய் நின்றது. சைக்கிளில் குறுக்கே வந்தவர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுற்றிப் போனார்.

அக்காவுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. என் பக்கம் திரும்பி ஒரு பிடி பிடித்தாள்.

"என்னடா பண்ணிக்கிட்டு இருந்த? கால அசைக்க வேண்டாமா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. எனக்கும் உறைத்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

காரை ஓரம்கட்டினோம்.

"என் காலையா பாத்துட்டு ஓட்டுற?"

"நான் எங்க பாத்தேன்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தாள். "உன் முழங்கால் மேல எழும்பும்டா. அது ஓரக்கண்ணுல தெரியும். தெரிஞ்சதும் என் காலு தானா பிரேக்குக்குப் போயிடும். இவ்வளவு நாள் எனக்கே தெரியல."

பத்து வருடத்துக்கு முன்னால் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த இருபத்தோரு நாளும் கண்முன் வந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் அவளுக்கு முன்னால் நான் அழுத்தினேன். வெளிநாடு போகப் போகிறவள், இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து பயந்து அழுத்தினேன். எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினாள். எட்டுப் போட பிரேக் எதற்கு? அக்காவுக்கு நான் பிரேக் போடக் கற்றுக்கொடுக்கவே இல்லை. போட்டதெல்லாம் நான்தான். இங்கே வந்தபிறகு மாமாவின் வாய் அந்த வேலையைப் பார்த்தது. தேர்வாளர்களோ வாயைத் திறக்கவில்லை, முழங்காலையும் அட்டை மறைத்துவிட்டது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் முழங்காலே தெரியாமல் போயிற்று.

"தப்பு என்மேலதான்க்கா" என்றேன். வெட்கமாக இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். பெட்டிக்கு மேல் தொங்கிய என் மூஞ்சியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "பிரேக் மாஸ்டராம், பிரேக் மாஸ்டர்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குப் பத்து மணிக்குடா" என்றாள். அப்போது அவள் குரலில் வழக்கமான நர்ஸ் அதட்டல் இல்லை.

அக்கா ஞாயிறு வரை லீவு போட்டிருந்தாள். மாலை ஆறரை மணிக்கு மாமா வந்தார். விஷயத்தைச் சொன்னோம். "அப்ப நான் கத்தினதெல்லாம் அவளுக்குப் பாடமா ஆகல, பிரேக்காத்தான் ஆயிருக்கு. அப்படித்தான மாப்ள?" என்றார்.

"ஆமா மாமா. இன்னைக்கு நீங்க முன்னாடி உக்காரணும். வாயத் திறக்கக் கூடாது."

"பன்னெண்டு மணி நேரம் மெஷின் முன்னாடி நின்னுட்டு வந்திருக்கேன். உக்காந்ததும் தூங்கிடுவேன்."

"பாதிக் கண்ணு திறந்திருந்தாப் போதும்" என்றேன். நான் பின் சீட்டில் ஏறினேன்.

"நீ முன்னாடி வா" என்றாள் அக்கா. பயந்துபோய்ச் சொல்கிறாள் என்று தெரிந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் முடியாது என்றேன்.

முதல் அரை மணி நேரம் நரகம். சிவப்பைத் தாமதமாகப் பார்த்தாள். பார்த்ததும் ஒரே மிதியாக மிதித்தாள். மாமாவின் தலை முன்னும் பின்னும் ஆடியது. "போதும், வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டாள். நான் கற்றுக்கொடுத்ததன் லட்சணம்தான் தெரிகிறதே.

மாமாதான் பாதித் தூக்கத்தில் கேட்டார். "ஏம்மா, நைட்ல முப்பது பேருக்கு மருந்து குடுக்குற. பக்கத்துல யார் முழங்காலப் பாத்துக் குடுக்குற?"

அக்கா திரும்பி எனக்கு விளக்கினாள். மருந்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை பெயரைப் படிப்பாளாம், அளக்கும்போது ஒருமுறை, திரும்ப வைக்கும்போது ஒருமுறை. வாய்விட்டுச் சொல்வாளாம். இத்தனை வருடத்தில் ஒரு மாத்திரை மாறியதில்லை.

"அதையே இங்க செய்யறேன்" என்றாள், யாரையும் கேட்காமல்.

காரைக் கிளப்பினாள். "விளக்கு வருது. பச்சை. பாக்குறேன். மஞ்சள். நிறுத்துறேன். நின்னாச்சு." ஒரு சந்திப்பு, ரெண்டாவது, ஐந்தாவது. பத்தாவதில் கார் நின்றதே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு பதமாக நின்றது. மாமாவிடமிருந்து குறட்டைச் சத்தம் வந்ததும் நான் தோளைத் தட்டி எழுப்பினேன். அவர் கேட்டார்: "எறங்கணுமா?"

மறுநாள் தேர்வு மையத்தில் நானும், லீவு போட்டுவிட்டு வந்த மாமாவும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா ஏறிய தேர்வு வண்டி வாசல் தாண்டிப் போய் நாற்பது நிமிடம் ஆயிற்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்லத்தான் ஆசை. கால் மட்டும் ஓடியது. தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

கார் வந்து நின்றது. அக்கா இறங்கி நடந்து வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தை மாமாவிடம் கொடுத்தாள். அந்த வரியில் குறி இல்லை.

"வழி பூரா பேசிக்கிட்டே வர்றீங்களேன்னு கேட்டாரு" என்றாள். "பேசக் கூடாதுன்னு விதி இருக்கான்னு கேட்டேன். இல்லேன்னுட்டாரு. நல்ல மனுஷன்."

நேற்று வரை சிலை, இன்றைக்கு நல்ல மனுஷன். மாமா காகிதத்தை ரெண்டு முறை படித்தார். படித்துவிட்டு பொது இடம் என்றும் பார்க்காமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அன்று இரவு அவர்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். மாமா ஃபிரிட்ஜ் கதவிலிருந்த சீட்டுகளையெல்லாம் எடுத்து மேசை டிராயருக்குள் பத்திரமாக வைத்தார். குப்பையில் போடச் சொன்ன அக்காவை அவர் காதிலேயே வாங்கவில்லை.

ஞாயிறு மதியம் என்னை விமான நிலையத்தில் விட அக்கா தனியாகவே காரை எடுத்தாள். நான் பின் கதவைத் திறந்தேன்.

"நான் என்ன வாடகைக் கார் ஓட்டவா வந்திருக்கேன்? முன்னாடி உக்காரு. கால் ரெண்டையும் மடக்கி மேல வச்சுக்க."

முன் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அந்த இருபத்தோரு நாளும் எனக்குப் பயமே இல்லடா. நீ பக்கத்துல இருந்த. அதான்."

நான் ஏதோ சொல்ல வந்தேன். "பச்சை. போறேன்" என்று சொல்லிக் காரை எடுத்துவிட்டாள்.

வாசலில் என்னை இறக்கிவிட்டு, பையைக் கையில் திணித்து, "போய் மூஞ்சியக் கழுவு" என்றாள். கார் நகர்ந்தது. வெளியே போகும் வழியில், நூறு அடி தள்ளி ஒரு சிக்னல் விளக்கு. நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை மஞ்சளாக மாறியதும் என் வலது கால் தரையை அழுத்தப் போனது.

அது தரையைத் தொடுவதற்கு முன்பே அவள் காரின் பின்விளக்குகள் சிவப்பாக எரிந்தன.