கால்வாசி கழித்தது போக

முடியில் தப்புச் செய்தால் பதினைந்து நாளில் வளர்ந்துவிடும். ஐம்பத்திரண்டு வருடம் நான் கத்தரி பிடித்துப் பிழைத்தது அந்த ஒரு தைரியத்தில்தான். மரம் அப்படியல்ல. குட்டையாக அறுத்தால் குட்டையாகவே கிடக்கும். நாம் எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு நூல் வளராது. இதை எனக்குத் தெரியவைத்தவர்கள் எங்கள் தெருவுக்குப் பின்னாலிருக்கும் உயர்நிலைப் பள்ளியின் பட்டறை வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் கை நன்றாக இருக்கட்டும். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளின் கையும் நன்றாக இருக்கட்டும்.

என் மனைவி ஸ்டூலில் ஏறி ஜன்னல் திரை மாட்டும்போது விழுந்தாள். அந்த ஸ்டூல் ஆடுகிறது என்று பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சரி பண்ணுகிறேன் என்று பதினொரு வருடமாக நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இடுப்பெலும்பு முறிந்தது. ஏழு வாரம் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகும் ஆறு மாதமாவது சக்கர நாற்காலி என்றார் டாக்டர். எங்கள் வீட்டு வாசலிலோ மூன்று படிகள்.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் சொல்லிவிட்டாள்: "நாலு வாரம் கழிச்சு வியாழக்கிழமை நாலு மணிக்கு அம்மாவைக் கூட்டிட்டு வரேன். அம்மா தானா உருட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள போகணும். நீங்க தள்ளறது, பக்கத்து வீட்டுக்காரர் தூக்கறது, அதெல்லாம் வேண்டாம். நீங்க கடைக்குப் போன நேரத்துல வீடு தீப்பிடிச்சா அம்மா எப்படி வெளிய வருவாங்க? முடியலைன்னா வண்டியை அப்படியே திருப்பி என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அங்க லிஃப்ட் இருக்கு."

"அப்போ நானு?"

"ஒரு கட்டில்தான் போட இடம் இருக்குப்பா. ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போங்க."

பஸ்ஸில் ஐந்து மணி நேரம். நாற்பத்தொன்பது வருடம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தவளை வாரத்துக்கு ஒருநாள் விருந்தாளியாகப் போய்ப் பார்க்க வேண்டும். நான் அன்று மாலையே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அங்கே பட்டறை டீச்சர் என்றொரு அம்மாள். ஆசிரியை ஆவதற்கு முன் கப்பல்களுக்கு வெல்டிங் செய்தவர். இரும்பு இரைச்சலில் பேசிப் பயனில்லை என்று பழகியோ என்னவோ, ஒரு மணி நேரத்துக்கு நாலு வார்த்தைதான் பேசுவார். கடைசி வருடப் பிள்ளைகள் மரவேலை, வெல்டிங், கட்டுமானம் என்று மூன்று அணி. மூன்றும் சேர்ந்து, நிஜமாகவே யாராவது பயன்படுத்தப்போகும் ஒரு பொருளைச் செய்தால்தான் மதிப்பெண். நான் என் சங்கதியை முக்கால் மணி நேரம் விளக்கினேன்.

"போன வருஷம் கோழிக்கூடு. இந்த வருஷம் நீங்க," என்றார் டீச்சர்.

வரைபடம் போடும் பொறுப்பு ஒரு பெண்ணுக்கு. மில்லிமீட்டர் கணக்கில் சண்டை போடுவாள் என்பதால் எல்லோரும் மில்லி என்று கூப்பிட்டார்கள். மரவேலை அணிக்கு ஒரு நெட்டைப் பையன் தலைவன். அவன் பெயர் கிரேன். மில்லி முதல் நாளே என்னை ஒரு சக்கர நாற்காலியில் உட்காரவைத்தாள். பலகைகளைச் சாய்த்துப் போட்டு, "ஏறுங்க தாத்தா," என்றாள்.

ஆறடிக்கு ஓரடி உயரும் பலகையில் ஏறி, பின்னோக்கி வந்து மரத்தூள் குவியலில் இறங்கினேன். ஒன்பதடிக்கு ஓரடியில் பாதி வரை போனேன், கை விட்டுவிட்டது. பன்னிரண்டடிக்கு ஓரடியில் ஏறும்போது, நான் ஒரு நீதிபதிக்குச் சவரம் செய்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கத்தி அவர் கழுத்தில் இருக்கும்போது பூமி அதிர்ந்தது. கடைச் சுவர் பிளந்தது. அவர் தோலில் ஒரு கீறல் இல்லை. இடப்பக்க மீசை மட்டும் வலப்பக்கம் போய்விட்டது. அவரும் அப்படியே பழகிக்கொண்டார். கதை முடியும்போது நான் மேலே இருந்தேன்.

"கதை சொல்லிக்கிட்டே ஏற முடிஞ்சா அதான் சரியான சரிவு," என்று மில்லி நோட்டில் எழுதிக்கொண்டாள். "பன்னெண்டுக்கு ஒண்ணு. இதுல பேச்சே கிடையாது."

மறுநாள் அளவெடுக்க வந்தார்கள். முற்றத்தின் அகலம் எட்டு மீட்டர் என்றேன். டேப் ஆறு என்றது. வாயிற்கதவு நூற்றிருபது சென்டிமீட்டர் என்றேன், தொண்ணூறு. மதில் உயரம் இரண்டு மீட்டர் என்றேன், ஒன்றரை. மில்லி ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டாள். கிரேன் மட்டும், "தாத்தா நல்லாத்தான் அளந்து விடுறாரு," என்று டேப்பைச் சுருட்டினான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருக் குருவிகள் என் கடை முடியில்தான் கூடு கட்டின, அதில் ஒரு குஞ்சு நரையோடு பொரிந்தது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கையில் மழை பிடித்தது. எல்லோரும் ஓடிவிட்டார்கள்.

இரவு சாப்பாட்டு நேரத்தில் மில்லி போன் செய்தாள். "தாத்தா, ஒரு அளவு விட்டுப்போச்சு. வாசல்படி தரையிலேர்ந்து எவ்ளோ உயரம்?"

நான் முட்டி போட்டு அளந்தேன். மூன்று தடவை அளந்தேன். உள்ளங்கையில் எழுதிவைத்துக்கொண்டு பேசினேன். "நாப்பத்தெட்டு சென்டிமீட்டர்மா."

"சரியா பாத்தீங்களா?"

"முட்டி தேயப் பாத்தேன்."

"சரி தாத்தா. நான் பாத்துக்கறேன்," என்றாள். மிகவும் அன்பான குரல்.

மூன்று வாரம் வேலை நடந்தது. சாய்தளம் பக்கச் சுவர் வரை ஏறி, அங்கே ஒரு மேடையில் திரும்பி, மறுபடி வாசலுக்கு ஏறி வரும். இரும்புக் கால்கள், மரப் பலகை, குழாயில் கைப்பிடி. எனக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: டேப்பின் நுனியைப் பிடித்துக்கொள்வது. "பேசாம பிடிங்க தாத்தா, அசையுது," என்பாள் மில்லி. என் வாழ்நாளிலேயே அதிகமாக வாய் மூடியிருந்த மூன்று வாரம் அதுதான்.

வியாழன் காலை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவந்து முற்றத்தில் பொருத்தினார்கள். பத்தரை மணிக்குக் கடைசித் திருகாணி இறங்கியது. கிரேன் மேடைமேல் ரசமட்டத்தை வைத்தான். குமிழ் நட்ட நடுவில் நின்றது. வேலையில் ஒரு குறை இல்லை. உயரம்தான் இல்லை. சாய்தளத்தின் மேல்முனை வாசல்படிக்குக் கிட்டத்தட்ட அரையடி கீழே, எட்டிப்பார்க்கும் குழந்தை மாதிரி நின்றது.

மில்லி டேப்பை எடுத்து வாசல்படியை அளந்தாள். "நாப்பத்தெட்டு," என்றாள். அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "தாத்தா, நீங்க நிஜமாவே நாப்பத்தெட்டுன்னுதான் சொன்னீங்க."

"ஆமாம்மா."

"நான் முப்பத்தாறு போட்டேன்."

நோட்டைத் திறந்து காட்டினாள். ஒரு பக்கம் 'தாத்தா சொன்னது', மறுபக்கம் 'இருந்தது'. எட்டுக்கு ஆறு. நூற்றிருபதுக்குத் தொண்ணூறு. இரண்டுக்கு ஒன்றரை. "மூணுலயும் சரியா கால்வாசி அதிகம். அதனால போன்ல சொன்னதுலயும் கால்வாசி கழிச்சுட்டேன். உங்ககிட்ட கேட்டா வருத்தப்படுவீங்கன்னு கேக்கலை."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஐம்பது வருடம் தாக்குப்பிடித்தது. விழுந்த இடம் மட்டும் என் வீட்டு வாசல். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பயந்துபோய் உண்மையைச் சொல்லியிருக்கிறேன், அதற்கும் தள்ளுபடி.

"தப்பு யாருது?" என்றார் டீச்சர்.

"என்னுது டீச்சர். நேர்ல வந்து அளந்திருக்கணும்."

"அவ மேல தப்பில்ல. என் வாய் மேல," என்றேன் நான்.

"அதை அப்புறமா ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கோங்க. நாலு மணிக்கு வராங்க."

நான் ஒரு யோசனை சொன்னேன். "மேல்முனையை மட்டும் தூக்கி வாசல்ல வெச்சுடுங்க. கொஞ்சம் செங்குத்தா இருக்கும். இருக்கட்டும், நான் தள்ளிக்கறேன். ஒருகாலத்துல நான் ரோடு ரோலரையே..."

"ஒன்பதுக்கு ஒண்ணு ஆயிடும் தாத்தா," என்று மில்லி குறுக்கிட்டாள். "அதுல உங்களாலயே ஏற முடியல. அவங்களா ஏறணும். அவங்களுக்காகத்தானே செய்யறோம்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் கோடு போட ஆரம்பித்தாள். சரிவை மாற்ற வேண்டாம். மொத்தத்தையும் அப்படியே பன்னிரண்டு சென்டிமீட்டர் தூக்கிவிடலாம். கீழ்முனையில் புதிதாக ஒரு துண்டு சேர்க்கலாம்: நூற்றி நாற்பத்து நாலு நீளம், ஒரு முனையில் பன்னிரண்டு உயரம், மறுமுனையில் ஒன்றுமில்லை. டீச்சர் பார்த்தார். தலையை ஆட்டினார். அவ்வளவுதான், முற்றம் சந்தைக்கடை ஆகிவிட்டது.

வெல்டிங் அணி மேற்பலகைகளைக் கழற்றிவிட்டு, பதினான்கு கால்களுக்கும் ஒட்டுக்கால் வைத்தது. எங்கள் வீட்டு ஃபியூஸ் இரண்டு தடவை போனது. மூன்றாவது தடவை பக்கத்து வீட்டுக்காரர் தானாகவே மதில்மேல் வயரை நீட்டி, "எங்க வீட்டுதும் போகட்டும், நமக்குள்ள என்ன," என்றார். கிரேனும் அவன் ஆட்களும் புதுத் துண்டை அறுக்கப் பள்ளிக்கு ஓடினார்கள். கட்டுமான அணி அதன் கால் நிற்க வேண்டிய இடத்தில் மணல் பரப்பிக் கல்பலகை பதித்தது.

ஆனால் புதுத் துண்டு வர வேண்டிய இடத்தில் என் கடைச் சவர நாற்காலி நின்றது. கடையை மூடியபோது கொண்டுவந்து முற்றத்தில் நட்டது. அதில் உட்கார்ந்துதான் தெருவுக்கே செய்தி வாசிப்பேன்.

"அதைத் தூக்க எட்டு பேர் வேணும்," என்றேன்.

"ஆறு பேர் வாங்கடா," என்று மில்லி வழக்கம்போலக் கூப்பிட்டுவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல, எட்டு பேரும் வாங்க. தாத்தா சொன்னா சரியா இருக்கும்."

எட்டுப் பேர் வந்தார்கள். நாலு பேரே தூக்கிவிட்டார்கள். மற்ற நாலு பேர் பக்கத்தில் மரியாதைக்கு நடந்தார்கள்.

மூன்று நாற்பதுக்கு கிரேன் புதுத் துண்டைப் பொருத்தினான். மேல்முனையையும் வாசல்படியையும் சேர்த்து மில்லி விரலால் தடவிப் பார்த்தாள். நகம் தட்டவில்லை. மூன்று ஐம்பத்தைந்துக்கு மகளின் வண்டி வந்து நின்றது.

மகள் அம்மாவை நாற்காலியில் இறக்கினாள். பின்பக்கக் கதவை மட்டும் திறக்கவில்லை. அம்மாவின் சக்கரப் பெட்டி உள்ளேயே இருந்தது. பதினெட்டுப் பிள்ளைகளும் தலையெல்லாம் மரத்தூளாக மதிலோரம் வரிசையாக நின்றார்கள். என் மனைவி சாய்தளத்தைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"சட்டையைப் பாருங்க, எண்ணெய்ச் செக்குல விழுந்து எழுந்த மாதிரி," என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தில் கை வைத்தாள். "ஏழு வாரமா துவைக்கவே இல்லையா? ஆஸ்பத்திரியிலேர்ந்தே சொன்னேனே, சமையலறை ஜன்னலைச் சாத்துங்கன்னு, சாத்தினீங்களா? பூனை வந்திருக்கும். அந்தக் கறுப்புப் பூனை, அது சும்மா போகாது, பாத்திரத்தையெல்லாம்..." முதல் சரிவு முடிந்து மேடையில் திரும்பினாள். "பாத்திரத்தையெல்லாம் உருட்டியிருக்கும். யாராவது மூடி வெச்சாத்தானே?"

மூச்சு வாங்கவில்லை. ஒரு சொல் தேயவில்லை. மில்லி கிரேனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சரிவு முழுக்க என் அக்காள் குடும்பத்தைப் பற்றியது. அதை இங்கே சொல்ல வேண்டாம். முன்சக்கரம் வாசல்படியைத் தாண்டியது, சத்தமே இல்லாமல்.

உள்ளே போய்த் திரும்பி நின்று, "யாருங்க கட்டினது?" என்று கேட்டாள்.

பதினெட்டு ஜோடிக் கண்களும் என் வாயைப் பார்த்தன.

"இவங்கதான். நான் ஒரு ஆணிகூட அடிக்கலை. தப்பா போனதுக்கு மட்டும் நான் காரணம். அதையும் இவங்களே சரி பண்ணிட்டாங்க."

மனைவி என்னைக் குனியச் சொல்லி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே," என்றாள் மகளிடம். பிறகு பிள்ளைகளைப் பார்த்தாள். "ஏன் வெளியவே நிக்கறீங்க? எல்லாரும் உள்ள வாங்க கண்ணுங்களா. கை கழுவிக்கோங்க. அந்தம்மாவையும் கூப்பிடுங்க."

பூட்ஸ் காலோடு ஒவ்வொருவராக ஏறினார்கள். டீச்சர் கடைசியாக, நடுவில் நின்று குதிகாலால் பலகையை இருமுறை தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "ஆடல," என்றார். நான் அவருக்குக் கை கூப்பினேன்.

மகள் மட்டும் வண்டியருகில் நின்றிருந்தாள். குனிந்து சாய்தளத்தின் அடிப்பலகையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகு பின்கதவைத் திறந்து பெட்டியை இறக்கினாள். அது கடகடவென்று பலகைமேல் உருண்டு, மேடையில் திரும்பி, பிள்ளைகளுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு, எங்கள் அறையின் பீரோ வரை போய் நின்றது.