அனுமதி கிடைக்காத நாற்பத்திரண்டு விநாடி

தப்பு பட்டியலம்மாவுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாரும் வந்து விரலை நீட்ட வேண்டாம்.

பட்டியலம்மா என்பது ஆபீஸ் வைத்த பெயர். விளம்பரமும் விவரணப் படமும் எடுக்கிற சின்ன ஆபீஸ் அது. எந்தக் காட்சிக்கு எந்த இசை பொருந்தும், அது எங்கே கிடைக்கும், யாரிடம் எழுதி வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவள் தலையில். பதினோரு வருடமாக அதே நாற்காலி. யாராவது வந்து புல்லாங்குழல் வேண்டும் என்றால், சோகமா, காலை நேரமா, நடுவில் மூச்சு வாங்குவது கேட்கலாமா கூடாதா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் கணினியைத் தொடுவாள். படம் முடிந்ததும் இசைப் பட்டியல் எழுதுவாள்: எந்த இசை, யார் பாடியது, எத்தனை விநாடி, அனுமதிக் கடிதம் உண்டா இல்லையா. கீழே அவள் கையெழுத்து. அது இல்லாமல் ஒரு படமும் ஆபீஸை விட்டு வெளியே போகாது. தயாரிப்பாளரே போட்ட சட்டம்; ஒரு தடவை வழக்கில் மாட்டி மூக்குடைபட்ட பிறகு போட்டது.

வீட்டிலும் அதே புத்திதான். சொந்தமாக ஒரு ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தாள். பழைய கேசட்டிலிருந்து மாற்றியவை, ரயிலில் பாடினவர்களிடம் கேட்டுப் பதிந்தவை, மாடி வீட்டுக்காரரின் விசில், தம்பி மகள் முதன்முதலில் உளறியது என்று நாலாயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு: யார், எங்கே, என்றைக்கு, தாளம் நிமிடத்துக்கு எத்தனை அடி. "நான் குறட்டை விட்டாக்கூட இவ அதுக்கும் சீட்டு ஒட்டிடுவா" என்று அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒட்டித்தான் இருந்தாள். நிமிடத்துக்குப் பதினான்கு.

அந்த டிஸ்க்கை ஒரு நாள் ஆபீஸுக்கு எடுத்து வந்தாள். சோப்பு விளம்பரம் ஒன்றுக்கு அவசரமாக விசில் தேவைப்பட்டது. மாடி வீட்டுக்காரரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். பத்து நிமிடம் கணினியில் செருகியிருப்பாள். எதைச் செருகினாலும் உள்ளே இருப்பதை எல்லாம் நகலெடுத்து ஆபீஸ் நூலகத்தில் சேர்த்துக்கொள்ளும்படி அந்தக் கணினியை அமைத்து வைத்திருந்தார்கள். அமைத்தவளும் அவள்தான். சொந்தக் காசில் சூனியம் என்பது வேறென்ன.

இரண்டு வாரம் கழித்து எடிட்டர் அவளைக் கூப்பிட்டான். நல்ல பையன், வேலையில் சூரன், காதில் ஹெட்போன் இல்லாமல் அவனைப் பார்த்தவர் குறைவு. ஊரின் பெரிய ஆயத்த ஆடை ஆலைக்கு வெள்ளிவிழாப் படம் செய்துகொண்டிருந்தான். ஊரில் பாதி வீட்டுக்கு அந்த ஆலைதான் சோறு. பொத்தான் தைக்கும் பகுதி திரையில் ஓடியது. வரிசையாகப் பெண்கள், வரிசையாக மெஷின்கள், டக் டக் என்று ஒரே சீரான அடி. அதன் மேல் ஒரு பெண் குரல் முனகத் தொடங்கியது. சொல் இல்லை, வெறும் ராகம்.

பட்டியலம்மாவுக்கு முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. அது அக்காவின் குரல்.

"இத எங்க பிடிச்சீங்க மேடம்?" என்றான் எடிட்டர். "மெஷின் ஓடற வேகத்த அளந்தேன், தொண்ணூத்தாறு. நூலகத்துல தொண்ணூத்தாறுன்னு தேடினா முதல்ல இதுதான் வந்துச்சு. பாடினவர் பேருக்கு 'அக்கா'ன்னு மட்டும் போட்டிருந்துச்சு. நாப்பத்திரண்டு விநாடி. ஒரு இடத்துலகூட வெட்ட வேண்டி வரல. அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு."

இருக்காமல் என்ன செய்யும்? அந்தப் பாட்டு பிறந்ததே அந்த மெஷின் முன்னால்தான். அக்கா அங்கே பதினாலு வருடம் பொத்தான் தைத்தவள். நாளெல்லாம் பாடுவாள் என்பதால் ஆலை முழுக்க அவளுக்கு ரேடியோ என்று பெயர். பொத்தான் மெஷினுக்கு நின்றுகொண்டுதான் வேலை. காலையில் நின்றால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆளுக்கொரு முக்காலி வேண்டும் என்று நாற்பது பேரிடம் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய் மேனேஜர் மேஜையில் வைத்தாள். ஒழுங்கு மீறினாள் என்று ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். அந்த வாரம் தங்கை வீட்டில் துணி மடித்துக்கொண்டே அவள் முனகியதைத்தான் பட்டியலம்மா பதிந்து வைத்திருந்தாள். அக்கா சந்தோஷமாக இருந்தால் வாய் ஓயாமல் பேசுவாள். முனகினால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"எடுத்துடு இத" என்றாள்.

"எடுக்கறதா?" எடிட்டர் ஹெட்போனைக் கழற்றினான். "ஆலை மேனேஜர் பார்க்கறதுக்கு மாதிரிப் பிரதி நேத்தே அனுப்பிட்டாங்களே."

தயாரிப்பாளரின் அறைக்குப் போனாள். அவர் உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மேனேஜர் போன் பண்ணாரும்மா. கண்ணே கலங்கிடுச்சாம். 'எங்க பொண்ணுங்க உழைப்புல இருக்கற நிம்மதி அப்படியே குரல்ல வந்திருக்கு'ன்னு சொல்றார். எங்கேருந்து பிடிச்சீங்க?"

"அது என் சொந்தச் சேகரிப்பு சார். தப்பி வந்துடுச்சு. அனுமதி இல்ல."

"அதனால என்ன. மரபுப் பாட்டு, பாடினவர் தெரியாதுன்னு பட்டியல்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"பாடினவ எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தோம்."

தயாரிப்பாளர் சிரித்தார். "உங்க அக்காவா? அப்ப கவலையே இல்ல. வீட்டு விஷயம்."

"வீட்டு விஷயம்னாதான் சார் கஷ்டம்."

அக்கா யார், எதனால் வெளியே வந்தாள் என்று முழுக்கச் சொன்னாள். தயாரிப்பாளர் கெட்ட மனுஷர் அல்ல. ஆனால் விழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது, வாடிக்கையாளர் வேறு பிடித்துப்போய் உருகிவிட்டார். "அதே மெட்டுல வேற யாரையாவது பாட வெச்சுக்கலாமே?" என்றார்.

"மெட்டும் அவளோடதுதான்."

"நீங்க கையெழுத்துப் போடுங்கம்மா. குரலக் கேட்டு ஆள யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?"

இதைக் கேட்டதும்தான் அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பதினோரு வருடமாக அவள் செய்துவந்த வேலையே அதுதானே, குரலைக் கேட்டு ஆளைக் கண்டுபிடிப்பது. தூக்கி எறிந்த ஆளின் தொண்டையை மட்டும் திரும்ப எடுத்து ஆலை வாசலில் தோரணம் கட்டுவார்களாம், அதற்கு இவள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். "அவளக் கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அக்கா இப்போது கடைத்தெருவில் துணி திருத்தும் கடை வைத்திருந்தாள். கால்சட்டையைச் சின்னதாக்குவது, ஜிப் மாற்றுவது, இப்படி. கடை ஆறடிக்கு ஆறடி. அதற்குள் நாற்காலி மட்டும் மூன்று. வாடிக்கையாளர் யாரையும் நிற்க விட மாட்டாள். நின்றுகொண்டே பேசினால் துணியைத் தொட மாட்டாள்.

"உக்காருடி" என்றாள்.

பட்டியலம்மா உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லி, போனில் அந்தக் காட்சியைக் காட்டினாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாற்பத்திரண்டு விநாடியும் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்காங்க. அந்த மூணாவது பொண்ணு என்கிட்டதான் வேலை கத்துக்கிட்டா. இளைச்சுப் போயிட்டா." மறுபடியும் ஓட விட்டாள். "ஏண்டி, எல்லாரையும் இடுப்புக்கு மேலேயே காட்டறாங்க?"

பட்டியலம்மா அதைக் கவனித்திருக்கவில்லை. இசைக்காரிக்குக் காது போகிற இடத்துக்குக் கண் போகாது. இப்போது பார்த்தாள். முகம், கை, மெஷின், பொத்தான். ஒரு கால்கூட இல்லை.

"முக்காலி போட்டுட்டாங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"தெரியல."

"போட்டிருந்தா முதல்ல அதத்தான் காட்டியிருப்பான். இல்ல, அதான் இடுப்போட வெட்டிட்டான்." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "போய்ச் சொல்லு. காலக் காட்டினா குரலத் தர்றேன். காட்டலன்னா என் முனகல்ல ஒரு துணுக்குகூடக் கிடையாது."

"என் வேலைக்கு வேட்டு வெச்சுடுவ போலிருக்கே."

"எனக்கு வெச்சப்போ நீயா வந்து தடுத்த? போடி, வேலை வேற கிடைக்கும். நான் வேற கிடைப்பேனா?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு ஒரு ஜிப்பை வெடுக்கென்று பிய்த்தாள்.

மறுநாள் மேனேஜர் ஆபீஸுக்கே வந்திருந்தார். பட்டியலம்மா அவர் முன்னாலேயே சொன்னாள். "பாடினவங்க ஒரே ஒரு நிபந்தனை போடறாங்க சார். பொத்தான் பகுதியில நிக்கறவங்க காலையும் படத்துல காட்டணும்." எடிட்டர் வாயைத் திறந்தான். "அந்த ஷாட் இருக்கு சார். எடுத்து வெச்சிருக்கேன்." தயாரிப்பாளர் அவனை ஒரு பார்வை பார்த்தார், பையன் அடங்கவில்லை, திரையில் போட்டே காட்டிவிட்டான். இருபத்திரண்டு ஜோடி கால்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்து நிற்கும் கால்கள், மடித்த அட்டைப்பெட்டி மேல் நிற்கும் கால்கள், கணுக்காலில் துணி சுற்றிய கால்கள். முக்காலி இல்லை.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "யாரு பாடினது?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவருக்கு ஆள் ஞாபகம் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. "அந்தப் பாட்டு வேண்டாம். வேற போடுங்க" என்று எழுந்து போனார். நேற்று கலங்கிய கண் இன்று காய்ந்துவிட்டது.

எடிட்டர் பதினாறு இசையைப் போட்டுப் பார்த்தான். ஒன்று முந்தியது, ஒன்று பிந்தியது, ஒன்று பல்பொடி விளம்பரம் மாதிரி இருந்தது. ஒரு காட்சியை ஓர் இசையோடு பத்து தடவை பார்த்த பிறகு வேறு எதைப் போட்டாலும் காது ஏற்காது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த நோய் அது. கடைசியில் பட்டியலம்மாதான் சொன்னாள், "எதுவும் போடாத. மெஷின் சத்தமே ஓடட்டும். அதுக்கு யார் அனுமதியும் வேணாம்." சத்தியமாக அவள் மனதில் வேறு கள்ளம் ஏதும் இல்லை. பட்டியலில் அந்த இடத்தில் 'இசை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தயாரிப்பாளர் தாளை வாங்கிக்கொண்டார். "விழா முடிஞ்சதும் நீங்க வர வேண்டாம்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சரி சார்" என்றாள். கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. கெஞ்சுகிற வம்சம் இல்லை அது.

விழா ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. அன்று ஒரு நாளைக்கு எல்லாருக்கும் வாடகை நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் பெரிய மனிதர்கள், பின்னால் அறுநூறு பெண்கள். படத்தின் ஒலி சரியாக வருகிறதா என்று பார்க்கப் பட்டியலம்மா பின்சுவரோரம் நின்றாள்; அதுவே கடைசி வேலை. ஓரத்து மேஜையில் எடிட்டர்.

படம் ஓடியது. முதலாளியின் பேச்சு, கட்டடம், பரிசுக் கோப்பைகள். பொத்தான் பகுதி வந்தது. இசை நின்று, கூடம் முழுக்க மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. டக் டக் என்று நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு.

ஐந்து விநாடி போயிருக்கும். நடுவில் எங்கோ ஒருத்தி முனகினாள். பழக்கம்தான், அந்தச் சத்தம் கேட்டால் அந்த வாய் அப்படித்தான் திறக்கும். பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். பிறகு அந்த வரிசை, பிறகு அதற்குப் பின் வரிசை. ரேடியோ போய் மூன்று வருடம் ஆகியும் பாட்டு வேலையை விடவில்லை. பட்டியலம்மா பதிந்திருந்தது முனகல்தான். இவர்களிடம் சொல்லும் இருந்தது.

*நிக்குது காலு நிக்குது காலு*
*நிக்காத மெஷினே கொஞ்சம் நில்லு*
*உக்கார ஒரு முக்காலி கேட்டா*
*உனக்கென்ன நட்டம் சொல்லு*

மேனேஜர் எழுந்து திரும்பி, ஒலியை நிறுத்து என்று எடிட்டருக்குக் கையைக் காட்டினார். அவனும் சொன்னபடி செய்தான். மெஷின் சத்தம் நின்றது. அதுவரை அதற்கு அடியில் இருந்த அறுநூறு குரலும் இப்போது தனியாகக் கேட்டன. அதை நிறுத்தும் பொத்தான் எந்த மேஜையிலும் இல்லை. திரையில் கைகள் சத்தமில்லாமல் தைத்துக்கொண்டிருந்தன. நாற்பத்திரண்டு விநாடி முடிந்து கட்டடம் மறுபடி வந்த பிறகும் பாட்டு முடியவில்லை.

பட்டியலம்மா அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் போட்டாள். அழுகை துக்கத்தில் வந்ததல்ல. "கேளு" என்று மட்டும் சொல்லிப் போனைக் கூடத்தின் பக்கம் நீட்டினாள். இரண்டு தடவை பாடி முடிக்கும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு காதில் வைத்தால் மறுமுனையில் அக்கா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அக்கா, கேட்டுச்சா? உன் பாட்டத்தான் பாடறாங்க. யாரும் உன்கிட்ட அனுமதி கேக்கல."

"அவங்க எதுக்குடி கேக்கணும்?" என்றாள் அக்கா.