இரண்டு காதும் தெரிய வேண்டும்

துபாய் கராமாவில் கல்யாணசுந்தரத்தின் போட்டோ ஸ்டுடியோவில் கிளிட்டஸ் ஒன்பது வருஷமாகச் செய்தது ஒரே வேலை: விசாவுக்கான முகங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வது. இரண்டு காதும் தெரிய வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பின்னால் வெள்ளை. கை அப்படியே பழகிவிட்டது, என்ன செய்ய!

சுனாமி அவன் மனைவி ஜோஸ்மியையும் குளச்சல் வீட்டையும் கல்யாண ஆல்பத்தோடு வாரிக்கொண்டு போயிருந்தது. அவன் லீவு வாங்கிப் போய்ச் சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. துபாய்க்குத் திரும்பியவனுக்கு மிஞ்சியது அங்கே அவன் பெட்டியில் கிடந்த ஒரே படம். உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்தது. எல்லாரும் கேமராவைப் பார்க்க, ஜோஸ்மி மட்டும் பக்கவாட்டில் திரும்பி, வாய் திறந்து நிற்கிறாள். நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும். கிளிட்டஸ் அவளைத் தனியாக வெட்டியெடுத்து, தெரியாத பாதி முகத்தைத் தானே வரைந்து, வாயை மூடி, இரண்டாவது காதையும் வைத்து, ஊர் பிரவுசிங் சென்டருக்கு அனுப்பினான்.

மாமியார் ஜெபகனி போனில் வந்தாள். "படம் நல்லாத்தான் இருக்கு மக்களே. ஆனா இது ஆரு?"

கிளிட்டஸ் போனை வைத்தான். பூசைக்கு நாலே நாள். அவள் முகம் இனி யாருக்குமே கிடைக்காதா, கடவுளே!

மேசையில் ஒரு ஹோட்டல் ஆர்டர் கிடந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கச் சீமாட்டிகளின் படங்கள், சாப்பாட்டு ஹாலில் மாட்ட. முத்துமாலை, இறகுத் தொப்பி, தரையில் புரளும் பட்டு. ஒருத்தி கேமராவுக்கு முகமே கொடுக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"இந்தம்மாவுக்கு ஒரு காதுதானய்யா இருக்கு! விசாவுக்குப் போனா திருப்பி அனுப்பிருவான்" என்று சிரித்தார் கல்யாணசுந்தரம்.

கிளிட்டஸ் அந்தப் படத்தை அருகே இழுத்துப் பார்த்தான். நினைத்தால் நூறு படம் எடுத்துக்கொள்ளக்கூடியவள். இப்படித்தான் வேண்டுமென்று உட்கார்ந்திருக்கிறாள். போட்டோகிராபரும் அவளைத் திருப்பவில்லை. அவள் பார்க்கும் பக்கம் தாராளமாக இடம் விட்டிருக்கிறான்.

கிளிட்டஸ் பழைய படத்தை மறுபடி ஸ்கேன் செய்தான். மற்றவர்களை மட்டும் அழித்தான். முகத்தைத் தொடவில்லை. அவள் பார்க்கும் பக்கம் இடம் விட்டு அனுப்பினான்.

இந்தமுறை ஜெபகனி அழுதுகொண்டே பேசினாள். "இதுதான் மக்களே எம் மக. அன்னைக்குக் கல்யாண வீட்டுல நீ வெக்கப்பட்டுத் தள்ளி நின்னல்லா? படம் எடுக்க வாருங்கன்னு ஒன்னத்தான் கூப்பிடுதா."

கிளிட்டஸுக்கு அது மறந்தே போயிருந்தது. அன்று அவள் மூன்று தரம் கூப்பிட்டாள். அவன் போகவில்லை.