பெடல் மிதிக்காத கால்

1

இந்தக் கதை என் கட்டைவிரல்களிலிருந்து வந்தது. அதை மூன்றாவது வரைவில்தான் ஒப்புக்கொள்கிறேன். முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் என்னும் மேல்தோல் தைக்கும் அம்பிகாவுக்கு ஏழாம் மாதம். நாள் முழுக்கப் பெடல் மிதித்து வலது கால்..."

நிறுத்திவிட்டேன். பொய். [வலது என்று எழுதினால் என் மேல் தப்பு வராது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.]

2

அம்பிகா என் மனைவி. நான் அதே கம்பெனியில் நைட் ஷிஃப்ட் வேலையை விட்டு நின்றவன். ஹெலன் பிசியோதெரபி படித்தவர், கர்ப்பிணிகளுக்கு மசாஜ் செய்கிறார். அவரைப் போலி என்று எழுத நினைத்தேன். கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் வசதி. ஆனால் மூன்று வாரமாக அம்பிகாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வயிற்றுக்கும் முழங்காலுக்கும் தலையணை கொடுத்து, இடுப்பு வலியை இளக்கியவர் அவர். அதற்குப் பிறகுதான் அம்பிகா ஒழுங்காகத் தூங்கினாள். வில்லன் இடம் காலியாகவே இருந்தது.*

* இப்போது நிரம்பிவிட்டது.

3

நேற்று சாயங்காலம் அம்பிகா ஒரு காலைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

"ஷிஃப்ட்ட வுட்டுட்டு சும்மாதான கீற? அமுக்குய்யா."

"இன்னா இப்டி வீங்கிக்கீது?"

"பெடல் காலு. லைன்ல எல்லாருக்கும்தான் வருது."

தையல் லைன் பெண்கள் டீ நேரத்தில் ஒருவர் காலை ஒருவர் அமுக்கிவிடுவார்கள். எந்தக் கால் வலித்தாலும் பெடல் கால் என்றுதான் பெயர். நானும் எண்ணெய் தடவி ஆடுசதையைப் பலமாக அழுத்தினேன். தொட்ட இடம் சூடாக இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.)

4

இன்று பத்து மணிக்கு ஹெலனிடம் போனோம். காலைப் பார்த்ததும் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"பெடல் எந்தக் கால்ல மிதிக்கிற?"

"வலது கால்லக்கா."

"வீங்கினது எது?"

அம்பிகா குனிந்தாள். வயிறு மறைத்தது. நான் பார்த்தேன். இடது.

"ரத்தம் கட்டியிருக்கலாம். அமுக்கினா நகர்ந்து நெஞ்சுக்குப் போய்டும். நான் தொடமாட்டேன்."

"மதியம் லைனுக்குப் போவணும்க்கா. லேசா தடவி வுடுங்க."

"லைன் எங்கயும் ஓடிடாது. மொதல்ல வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறு."

நான்கு வருடம் அந்த லைன் பக்கத்தில் வேலை செய்தவன் நான். பெடல் வலது காலுக்கு என்று எனக்குத் தெரியும். வலது கால் வீங்கியிருந்தால் யாரும் அமுக்கத்தான் செய்வார்கள். வீங்கியதோ மற்றது. அதனால்தான் முதல் வரைவில் காலை மாற்றினேன்.

5

முடிவு ஒன்று: ஸ்கேனில் ஒன்றுமில்லை. அம்பிகா சிரிக்கிறாள். [இதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.]

முடிவு இரண்டு: ரத்தக் கட்டி நகர்ந்து

வேண்டாம்.

6

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி. வரிசையில் உட்கார்ந்து இதுவரை செல்போனில் எழுதினேன். இப்போது டாக்டரம்மா முன்னால் நிற்கிறோம். என் கையில் அம்பிகாவின் இடது செருப்பு. வீக்கத்தில் அதன் வாரை இன்று பூட்ட முடியவில்லை.

"இந்தக் கால யாராவது அமுக்கினீங்களா? அமுக்கியிருந்தா நெஞ்சையும் உடனே பாக்கணும். அதான் கேக்கறேன்."

அம்பிகா என்னைப் பார்க்கிறாள். "இல்ல மேடம்" என்கிறாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம்.

வாயைத் திறந்துவிட்டேன். அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். கால் மட்டும் மாறிவிட வேண்டாம்.