தார் உரித்த கார்

நூற்றிருபதில் பறக்கையில் சக்கரத்தடியில் சிக்கிய எறும்பு யாரைத் திட்டிவிட்டுச் செத்தது என்பதுகூட எனக்குக் கேட்டது, பின்னே, சத்தம் உள்ளே வராமலிருக்கக் கம்பெனிக்காரன் எங்கள் பழைய ஃபியட்டின் தரையில் ஒட்டியிருந்த தார் முழுவதையும் நானும் என் மச்சினன் கிட்டுசாமியும் உரித்துவிட்டோமே, பந்தயக் காருக்கு எடை ஆகாது, இந்தத் தாரு சத்தத்தைத் தின்னு தின்னே பெருத்துக் கெடக்குது மாப்ளே என்கிறேன், அவன் சிரித்துக்கொண்டே புகைகிற உலர் ஐஸைத் தார்மேல் பரப்புகிறான், விறைத்த தாரை நான் சுத்தியலால் தட்ட, பொரித்த அப்பளமாக நொறுங்குகிறது, ஒரு யானைக்குட்டி எடை குறைந்தது என்று ஊரெல்லாம் சொன்னேன், ரெண்டு பக்கெட்டுதானுங்க என்றாள் மயிலாத்தாள், எனக்கு மனைவி, அவனுக்கு அக்கா.

பின்சீட்டையும் கழற்றியிருந்தோம், அதனால் அவனை வெறுந்தகரத்தில்தான் கிடத்த முடிந்தது, கிணத்துக்கடவு ரோட்டில் வெள்ளோட்டம், ஓட்டிக்கொண்டிருந்த கிட்டுசாமி ஓரங்கட்டி நெஞ்சைப் பிடித்தான், நான் ஆஸ்பத்திரிக்கு விரட்டுகிறேன், கல் தெறிக்கிறது, தகரம் அலறுகிறது, அதற்குள் அவன் மெதுவாக, வலி போயிருச்சுங்க மச்சான் என்றான், அவ்வளவுதான், இன்னமும் கனவில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஆஸ்பத்திரி வருவதாகவே இல்லை.

மயிலாத்தாள் நம்பவில்லை, தினமும் புளுகுற வாயி, என் மனசாறட்டும்னு இதையும் புளுகறீங்க, அவன் துடிச்சுத்தான் போயிருப்பான் என்றாள், வருஷக்கணக்காக அதையே சொன்னாள், அந்தத் துடிப்பை நினைத்து நினைத்துப் பாதியாகிப் போனாள், நான் ரிட்டயராகி, காரை இரும்புக்கடைக்குக் கொண்டுபோகிற அன்றைக்குத்தான் முதன்முதலாக அதில் ஏறினாள், அதே வேகத்துல ஓட்டுங்க, பார்த்துருவோம், ஓட்டினேன், நான் கத்துறதே எனக்குக் கேக்கலை, அவன் மெதுவாச் சொன்னது உங்களுக்குக் கேட்டுதாக்கும் என்று கத்தினாள், பிறகு கத்தவில்லை, பின்பக்கத் தகரத்தைத் திரும்பிப் பார்த்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வேறு யாருக்கோ சொல்வதுபோல மெல்ல, குளிருச்சாடா தம்பி என்றாள்.

குளிரலை கண்ணு, என் சட்டையைக் கழட்டி அடியில போட்டிருந்தேன் என்றேன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெகுதூரம் போனோம், தகரம் அலறிக்கொண்டே வந்தது, அவள் என் தோளில் கை வைத்து, தம்பி சொல்லித்தான் இருக்கானுங்க, உங்களுக்குக் கேட்டிருக்குதுங்க என்றாள்.