காசிராஜனின் கறுப்புச் சக்கரங்கள்

திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கும் காசிராஜனுக்கு நாற்பத்தேழு வயதில் சர்க்கரை வந்தது. மதுரை டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடந்தால், பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன அண்ணாச்சி, காரு ரிப்பேரா?" என்று கேட்டார்கள். ஒரு வாரம் பதில் சொல்லி அலுத்துப்போய், சைக்கிள் ஓட்டுவது என்று முடிவெடுத்தார்.

இந்தச் செய்தி சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை மகன் தருண்குமாருக்குப் போனது. அவன் சைக்கிள் பைத்தியம். அந்த வருடம் லீவில் வந்தபோது தன்னுடைய பழைய ரேஸ் சைக்கிளை ஓர் அட்டைப் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்து மாமாவுக்குக் கொடுத்துவிட்டான்.

பெட்டியைப் பிரித்தபோது வீடே கூடி நின்றது. சைக்கிளைவிட அதன் சக்கரங்களைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். கன்னங்கரேலென்று இருந்தன. ரிம் மட்டும் நான்கு விரல் அகலத்துக்கு உள்நோக்கி இறங்கியிருந்தது. ஸ்போக்ஸ் கம்பிகள் சாதாரண சைக்கிளில் பாதிகூட இல்லை.

"காத்தக் கிழிச்சுக்கிட்டுப் போறதுக்கு மாமா இந்த ரிம்மு. கார்பன். ரெண்டு விரல்ல தூக்கலாம்" என்றான் தருண்குமார்.

காசிராஜன் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அந்த நிமிடமே அவர் மனது அதன் பின்னால் போய்விட்டது.

டயரில் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று சுண்டுவிரல் கனம்தான் இருக்கும், பந்தயத்துக்கானது. இன்னொன்று கொஞ்சம் தடிமன், உள்ளே முள் ஏறாமல் ஒரு பட்டை வைத்தது. மெலிந்த டயர் போட்டால் ரிம்மும் டயரும் ஒரே கோடாக நின்று காற்று வழுக்கிப் போகும் என்று அவன் விளக்கினான். அதற்குப் பிறகு அவன் சொன்ன எதுவும் காசிராஜன் காதில் ஏறவில்லை. சிங்கப்பூருக்குத் திரும்பிய பின் அவன் பராமரிப்பு விதிகளை எல்லாம் இங்கிலீஷில் மெயில் அனுப்பினான். காசிராஜன் அதை ஆர்ட் பேப்பரில், ஓரத்தில் தங்க நிற பார்டர் போட்டு அச்சடித்து, சைக்கிள் நிறுத்தும் அறையில் மாட்டினார். படிக்கவில்லை.

முதல் நாள் காலையில் மெலிந்த டயரில் வெளியே போனார். எம். புதுப்பட்டி ரோட்டில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் கருவேல முள் ஏறி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். எதிரே வந்த பட்டாசுக் கம்பெனி பஸ் முழுக்கப் பெண்கள். ஒருத்தி ஜன்னல் வழியாக, "அண்ணாச்சி, அது ஒங்களத் தூக்கணும், நீங்க அதத் தூக்கிட்டுப் போறீகளே!" என்றாள். பஸ் குலுங்கியது.

அவருடைய பிரஸ்ஸுக்கு எதிரிலேயே வேலுத்தாயின் பஞ்சர் கடை இருந்தது. வேலுத்தாய் முன்பு பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள். மருந்து நெடி ஒத்துக்கொள்ளாமல் நின்றுவிட்டு, திருப்பூருக்குப் போன ஒருவரிடம் இந்தக் கடையைச் சாமான்களோடு வாங்கிக்கொண்டாள். சுடிதாருக்கு மேல் புருசனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்வாள். பத்து வருடமாக எதிரெதிரே இருந்தும் காசிராஜன் அவளிடம் பேசியது கிடையாது. அவருக்குக் கார் டயர்தான் பஞ்சராகும். அதை டிரைவர் பார்த்துக்கொள்வான்.

அவர் கொண்டுவந்த சக்கரத்தை வேலுத்தாய் சுற்றிவிட்டுப் பார்த்தாள். "கோட்டம் ஒண்ணும் இல்ல. நல்ல பொருள்தான்" என்று சொல்லி, டயரை நெம்ப இரும்பு லிவரை எடுத்தாள்.

காசிராஜன் அலறினார். "ஏம்மா, ஏம்மா! அது கார்பன்! கீறல் விழுந்தா போச்சு!"

அவள் லிவரைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் சோற்றுக் கரண்டியை எடுத்துவந்தாள். அதன் காம்பால் டயரை அலுங்காமல் கழற்றினாள். டியூபைத் தண்ணீரில் முக்கி, ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டினாள். பிறகு டயரின் உள்பக்கம் விரலை ஓட்டி, ஒடிந்து கிடந்த முள் நுனியைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, இந்த நூலு டயரு நம்ம ஊருக்கு ஆகாது. தடிமன் ஏதும் இருந்தாப் போடுங்க."

"தடிமன் போட்டா காத்து தடுக்கும்."

"காத்து தடுத்தா மெதுவாப் போவீக. முள்ளு தடுத்தா நடந்துல்ல போவீக?"

காசிராஜனுக்கு ரோசம் வந்துவிட்டது. "அந்தத் தடிமன் டயர நீயே வச்சுக்க" என்று இன்னொரு ஜோடியையும் கொண்டுவந்து கடையில் போட்டுவிட்டுப் போனார். அந்த மாதத்தில் மட்டும் பதினோரு பஞ்சர் ஆனது. அவர் மனம் மாறவில்லை.

இந்த நேரத்தில்தான் விருதுநகரில் ஒரு சங்கத்தார், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சைக்கிள் போட்டி என்று அறிவித்தார்கள். விஜயதசமியன்று காலை சிவகாசியில் கிளம்பி விருதுநகரில் முடிக்க வேண்டும். காசிராஜன் பெயர் கொடுத்தார். அது தெரிந்ததும் அவருடைய மனைவி ஆவுடைத்தாயின் தம்பி சீனிவாசகமும் பெயர் கொடுத்தார். விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிறவர். கேரியர் வைத்த பழைய கறுப்புச் சைக்கிள்தான் அவருடைய வண்டி.

"அத்தான், நீங்க காத்தக் கிழிச்சுக்கிட்டே முன்னால போங்க. கிழிஞ்ச எடத்துல நான் பின்னால வந்துக்கிடுறேன்" என்று போனில் சிரித்தார்.

காசிராஜன் போனை வைத்தார். இரவுச் சாப்பாட்டில் ஒரு சப்பாத்தியைக் குறைத்துக்கொண்டார்.

போட்டிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. பிரஸ்ஸில் எல்லா மிஷினையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். சைக்கிளைத் துடைக்கும் பொறுப்பைப் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் இருளாண்டி தானே கேட்டு வாங்கிக்கொண்டார். மாலையில் சைக்கிள் மாலையோடு நின்றபோது கறுப்பு ரிம்மில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. "பாத்தீகளா மொதலாளி, என்னமா மின்னுது!" என்றார் இருளாண்டி. காசிராஜன் மகிழ்ந்துபோய் அவருக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை கூடுதலாகக் கொடுத்தார்.

மறுநாள் காலை சிவகாசியில் நாற்பது பேர் நின்றார்கள். காசிராஜன் பளபளவென்று ஒட்டிய உடையில், கவசத் தொப்பியோடு வந்தார். சீனிவாசகம் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வழியில் ரிப்பேர் பார்க்க, சங்கத்தார் வேலுத்தாயை அமர்த்தியிருந்தார்கள். அவள் மொபெட்டின் பின்னால் பெட்டியும் பம்புமாக நின்றாள். காசிராஜன் அவளைப் பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொடி அசைத்ததும் காசிராஜன் பாய்ந்தார். உண்மையாகவே சைக்கிள் பறந்தது. இரண்டு கிலோமீட்டருக்குள் எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டார். ஊரைத் தாண்டி வெட்டவெளி வந்ததும் இடது பக்கமிருந்து மேல்காற்று வீசியது. அந்த அகல ரிம்முக்குக் காற்றை எதிரே கிழிக்கத்தான் தெரியும். பக்கவாட்டில் வந்தால் பாய்மரம் மாதிரி வாங்கிக்கொண்டது. சைக்கிள் வலது பக்கம் போயிற்று. இழுத்துப் பிடித்தால் இடது பக்கம் போயிற்று. பின்னால் வந்த லாரிக்காரர், அவர் எந்தப் பக்கம் போவார் என்று கணிக்க முடியாமல் லாரியையே ஓரத்தில் நிறுத்திவிட்டார்.

அப்படியும் முதல் ஆளாகவே திருத்தங்கலுக்குள் நுழைந்தார். சின்ன இறக்கம். கீழே ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டில் இரண்டு பஸ்ஸும் ஒரு கூட்டமும் நின்றன. சொந்த ஊர்க்காரர்கள். காசிராஜன் நிமிர்ந்து உட்கார்ந்து, கெத்தாகப் பிரேக்கை அழுத்தினார்.

பிரேக் கட்டை ரிம்மைப் பிடித்தது. ரிம் நிற்கவில்லை. மறுபடி, முழுப் பலத்தோடு அழுத்தினார். சைக்கிள் இன்னும் வேகமாகப் போவது போல இருந்தது.

"பிரேக் இல்ல! பிரேக் இல்ல!" என்று கத்தினார்.

"ஏலே, பிரேக்கே இல்லாம ஓட்டுதாருலே நம்ம அண்ணாச்சி!" என்று கூட்டத்தில் ஒருவர் பெருமையாகச் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள்.

கேட் ஓரத்தில் ஒரு மூன்று சக்கர வண்டி நின்றது. ஏதோ ஒரு பிரஸ்ஸிலிருந்து காலண்டர் வெட்டிய கழிவுத்தாளை மூட்டை மூட்டையாக ஏற்றியிருந்தது. கேட்டா, மூட்டையா என்று யோசிக்க அவகாசமில்லை. காசிராஜன் கண்ணை மூடிக்கொண்டு மூட்டைப் பக்கம் திருப்பினார். டப்பென்று ஒரு சத்தம். இரண்டு மூட்டை வெடித்து வண்ணத் துண்டுகள் ஆகாயத்தில் பறந்து இறங்கின. காகிதக் குவியலுக்குள்ளிருந்து அவர் எழுந்தபோது தோளில் அடுத்த வருட மார்ச் மாதம் ஒட்டியிருந்தது.

உடம்பில் ஒரு கீறல் இல்லை. ரயில் போய்க் கேட் திறந்தது. பின்தங்கியவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். சீனிவாசகம் ஒரு காலை ஊன்றி நின்று விசாரித்தார்.

"அத்தான், அடி ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மாப்ள."

"அப்ப நான் வாரேன்" என்று மணியடித்துவிட்டுப் போனார்.

கடைசியாக வேலுத்தாய் வந்தாள். காகிதத்தை ஒதுக்கிச் சைக்கிளை வெளியே எடுத்தாள். ரிம்மைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். வெடிப்பு இல்லை. பிறகு விரலால் ரிம்மைத் தடவி மூக்கருகே கொண்டுபோனாள்.

"அண்ணாச்சி, ரிம்முக்கு எண்ணெ தேய்ச்சுத் தல சீவி விட்டது யாரு?"

"என்னது?"

"தேங்காண்ணெ. மோந்து பாருங்க."

காசிராஜன் முகர்ந்தார். இருளாண்டியின் முகமும் பொரிகடலைப் பொட்டலமும் கண்முன் வந்தன. "பூசைக்கு மின்னட்டும்னு தடவிட்டான் போல" என்று முனகினார்.

"பிரேக் கட்டை பிடிக்குற எடம்ல அது! ஆரும் ஒங்களுக்குச் சொல்லலியா?"

சொல்லித்தான் இருந்தது, அறைச் சுவரில் தங்க பார்டருக்குள். 

வேலுத்தாய் டீக்கடையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரும் சோப்புப் பொடியும் வாங்கிவந்து ரிம்மை இரண்டு தடவை கழுவித் துடைத்தாள். பிரேக் கட்டையை உப்புத்தாளால் சுரண்டினாள். இரண்டு டயரும் வண்டியின் தகரத்தில் பட்டுக் கிழிந்திருந்தன. அவள் பெட்டியைத் திறந்து, அவர் தூக்கிப் போட்ட தடிமன் டயர் ஜோடியை எடுத்தாள்.

"இத எதுக்குக் கொண்டாந்த?"

"நீங்க எப்படியும் எங்கனயாச்சும் நிப்பீகன்னு தெரியும்."

"இதப் போட்டா வேகம் போயிரும் வேலுத்தாய்."

"இப்ப எம்புட்டு வேகத்துல இருக்கீக?"

காசிராஜன் ரிம்மைப் பிடித்துக் கொடுத்தார்.

ஆமத்தூர் பக்கம் ரோடு போடும் வேலை நடந்ததால், போட்டியைக் கருவேலங்காட்டு மண்பாதையில் திருப்பி விட்டிருந்தார்கள். காசிராஜன் அங்கே நுழைந்தபோது வழி நெடுகச் சைக்கிள்கள் தலைகீழாகக் கிடந்தன. வழக்கறிஞர், வாத்தியார், ஜவுளிக்கடைக்காரர் என்று எல்லோரும் ஆளுக்கொரு மர நிழலில் உட்கார்ந்து முள் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தடிமன் டயர் ஒரு முனகல் இல்லாமல் எல்லாவற்றையும் மிதித்துப் போனது. அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. முன்னால் மிஞ்சிப்போனால் நாலு பேர் இருப்பார்கள்.

கடைசி மரத்தடியில் சீனிவாசகம் இருந்தார். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டும் சப்பையாகிவிட்டன.

"அத்தான்! அந்தப் பஞ்சர் ஒட்டுற பிள்ளைய இங்கன வரச் சொல்லுங்க!"

"மாப்ள, அடி ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"அப்ப நான் வாரேன்."

அந்தச் சந்தோஷத்தில் நூறு அடி பறந்தார். நூற்றியோராவது அடியில் ஆவுடைத்தாயின் நினைப்பு வந்தது. 'எந்தம்பிய முள்ளுக்காட்டுல விட்டுட்டா வந்தீக?' என்று அவள் கேட்பாள். இன்றைக்கு மட்டும் கேட்க மாட்டாள். பொங்கலுக்குக் கேட்பாள், கல்யாண வீட்டில் கேட்பாள், பேரன் பேத்தி வந்த பின்னும் கேட்பாள். காசிராஜன் பிரேக்கைப் பிடித்தார். இந்தத் தடவை நன்றாகவே பிடித்தது.

திரும்பி வந்து, அதற்குள் மொபெட்டில் வந்து சேர்ந்திருந்த வேலுத்தாயின் பெட்டியிலிருந்து லிவரும் சொல்யூஷனும் வாங்கிக்கொண்டார். அவள் பதின்மூன்று சைக்கிள்களுக்கு நடுவில் நின்று, "முள்ள எடுக்காம ஒட்டிராதீக அண்ணாச்சி, உள்ள வெரல விட்டுத் தடவுங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். ஒரு டியூபை ஒட்ட அவருக்கு அரை மணி நேரம் ஆனது. அதற்குள் வாத்தியாரும் வழக்கறிஞரும் தங்களுடையதையும் அவர் முன்னால் கொண்டுவந்து வரிசையாகப் போட்டுவிட்டார்கள்.

எல்லோருடையதையும் ஒட்டி அனுப்பிவிட்டு மைத்துனர்கள் விருதுநகர் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வந்தவருக்கு ஆறுதல் பரிசு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி என்றார்கள். "அத்தான்தான் கடைசி" என்றார் சீனிவாசகம். "மாப்ளதான் கடைசி" என்றார் காசிராஜன். பந்தல்காரர் வேலை கெடுவதைப் பார்த்து, வாளியைப் பின்னால் வந்த வேலுத்தாயிடம் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு காசிராஜன் ஓட்டிவிட்டு வந்ததும் டயரைத் தடவிப் பார்த்து முள் எடுக்கப் பழகினார். தங்க பார்டருக்குள் இருந்ததைப் படித்துவிட்டு, சைக்கிளை வெயிலில் நிறுத்துவதையும் விட்டார். சந்தனம், குங்குமம் எல்லாம் இனி சீட்டுக்கு மட்டும்தான் என்று இருளாண்டியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பொங்கல் முடிந்து பிரஸ் கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில், காற்றடிக்க வந்த காசிராஜனிடம் வேலுத்தாய் கேட்டாள்: "அண்ணாச்சி, இதுல நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டா?"

அவர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தார். ஆனாலும், "சூதானமாப் போ" என்றார். அவள் முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு ஏறினாள். தெருமுனையில் திரும்பும்போதே ஆள் தெரியவில்லை.

பத்து நிமிடமாயிற்று, இருபது ஆயிற்று. காசிராஜன் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பானுப்பிரியா பஞ்சரான சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நின்று, அவரையும் கடையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"வேலுத்தாயக்கா இல்லையா?"

"இல்ல. உருட்டிட்டு வா, நான் பாக்கேன்."

"ஒங்களுக்கு ஒட்டத் தெரியுமா?"

காசிராஜன் சட்டைக் கையை மடித்துவிட்டு, டியூபை உருவித் தண்ணீரில் முக்கினார். அந்த நேரம் தெருவில் சர்ரென்று ஒரு சத்தம். தலை குனிந்து, முதுகு வளைந்து, வேலுத்தாய் கடையைத் தாண்டிப் போனாள். நிற்கவில்லை. "இன்னொரு ரவுண்டு அண்ணாச்சி!" என்ற குரல் மட்டும் பின்னால் வந்தது.