கவிழ்ந்த பேருந்துக்கு முதல் பரிசு

“பள்ளத்தில் கவிழ்ந்த இரவுப் பேருந்தில் பயணம் செய்த நாற்பது பேரும் நடனப் போட்டியில் முதல் பரிசு பெற்றனர்.”

இப்படியொரு செய்தியை உலகுக்கு வழங்கிய பெருமை அடியேனையே சேரும்.

பார்வையற்றோர் சங்கத்துக்காகத் தினமும் காலை ஆறு மணிக்கு நாளிதழைப் படித்துப் பதிவு செய்கிறேன். ஏழு மணிக்கு அது எண்ணூறு பேரின் போனுக்குப் போய்விடும். அன்று என் கண் ஒரு பத்தியிலிருந்து பக்கத்துப் பத்திக்குத் தாவிவிட்டது.

“இந்தப் படிக்கிற வேலைய விட்டுடட்டுமா?” என்று சங்கச் செயலாளரிடம் கேட்டேன். “பார்க்கலாம் சார்,” என்றார். மனைவியிடம் கேட்டேன். “உங்க இஷ்டம்,” என்றாள். எனக்கு இது பழக்கம்தான். நான் பல் வைத்தியன். நான் கேள்வி கேட்டால் எல்லோரும் வாயைத் திறப்பார்கள், பதில்தான் வராது.

செயலாளர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அந்தப் பேருந்தில் போன ஒருவனின் அக்கா நம் பதிவைத் தினமும் கேட்கிறவராம்.

அந்த அம்மாள் ஒரு மருத்துவமனையில் போன் எடுக்கும் வேலையில் இருந்தார். போய்ப் பார்த்தேன். ஒரு காதில் அலுவலக போன். மறு காதுக்கான இயர்போன் மேஜையில் கிடந்தது; அதற்குள் நான் உருகி உருகிப் படித்த தலையங்கம், மூன்று மடங்கு வேகத்தில், அணில் கத்துவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

“நான்தான்மா, அந்த முதல் பரிசு...”

“குரல் தெரியுது சார். உக்காருங்க, வலது பக்கம் நாற்காலி இருக்கு.”

“தம்பி?”

“முழங்கைல சிராய்ப்பு, அவ்வளவுதான். போன் உடைஞ்சு போச்சு. எட்டரைக்குத்தான் யார் போன்லயோ கூப்பிட்டான்.”

“அதுவரைக்கும்?”

“யாரும் சாகலன்னு தெரியும்.”

“அந்த வரியத்தானே நான் படிக்கவே இல்ல.”

“நீங்க ஒரு தடவ பார்த்துட்டுத்தானே படிக்கறீங்க? சாவுச் செய்தின்னா தலைப்புக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பீங்க. இதுக்கு இழுக்கல. அஞ்சு தடவ திருப்பிக் கேட்டேன்.”

முப்பது வருடமாக வாய்களைப் பார்த்தே பிழைக்கிறேன். என் வாயில் அப்படியொரு மூச்சு இருப்பது எனக்கே தெரியாது. அந்த வேகத்தில் அது இமைப்பொழுதுகூட நீடிக்காது. அது இல்லாததைக் கேட்டு, அதன் மேல் தம்பியின் உயிரை வைத்து, ஒன்றரை மணி நேரம் இவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

“பயமா இல்லையாம்மா?”

“இருந்துச்சு. போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுத்துக்கிட்டே இருந்தேன்.”

“நான் இந்த வேலைய விட்டுடட்டுமா?”

“விடாதீங்க சார். புது ஆள் வந்தா அவர் மூச்ச நான் முதல்லேருந்து பழகணும். பத்திக்குப் பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சுக்கிட்டுப் படிங்க.”